வெட்டுவதும் ஒட்டுவதும்

ஜெயங்கொண்டம் கடைவீதியில் சிமெண்ட் கடை இருக்கிறது, பெஸ்டிசைட் விற்கும் உரக்கடை இருக்கிறது, சிசர்ஸோடு உட்கார்ந்திருக்கும் தையற்காரர் இருக்கிறார். இந்த மூன்று ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்: 'கைதெரே' என்ற லத்தீன் வினை. வெட்டு, வீழ்த்து என்று பொருள். சிசர்ஸ் வெட்டுகிறது, முந்திரிக்கு அடிக்கிற மருந்து பூச்சியைக் கொல்கிறது. சரி. சிமெண்ட் பார்ப்பதோ ஒட்டுகிற வேலை. அதற்கு எப்படி இந்தப் பெயர்?

குவாரியில் உடைத்தெடுத்த கோணல்மாணலான கல் சில்லுகளை ரோமானியர் 'கைமெந்தும்' என்றார்கள். வெட்டியெடுத்தது என்று அர்த்தம். சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்த சாந்தில் அந்தச் சில்லுகளைப் போட்டுச் சுவர் எழுப்பினார்கள். சில்லின் பெயர் மெல்ல மொத்தக் கலவைக்கும் பரவியது. பிறகு கல்லை விட்டுவிட்டு, கல்லைப் பிடித்து நிறுத்தும் சாந்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லாண்ட் சிமெண்ட்'டுக்குக் காப்புரிமை வாங்கியபோது வெட்டுக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்று அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு அரைத்து, சுமார் 1450 டிகிரி செல்சியஸில் சுட்டு, வெந்த கிளிங்கரை ஜிப்சத்தோடு பொடியாக்கி மூட்டையில் கட்டினால் அதுதான் சிமெண்ட்.

'டிசைட்' என்ற சொல்லும் இதே குடும்பம். அறுத்துவிடுதல் என்பது அதன் பழைய பொருள். இதில் வியப்பில்லை. நாமும் முடிவை வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகத்தானே சொல்கிறோம்? 'அறு' என்பதிலிருந்து அறுவடை, அறுவைச் சிகிச்சை, அறுதி மூன்றும் நமக்குக் கிடைத்தன. சிசர்ஸில் எஸ்ஸை அடுத்து வாய்க்கு வராத ஒரு சி நிற்கிறதே, அது கிழிப்பதைக் குறிக்கும் வேறொரு லத்தீன் வினையோடு பழைய எழுத்தர்கள் குழப்பிக்கொண்டதன் பலன். டிக்டேஷனில் மார்க் போவது நம் பிள்ளைகளுக்கு.

சிமெண்டுக்குள் போகும் சுண்ணாம்புக்கும் லத்தீனில் ஒரு தனிக் குடும்பம் உண்டு. சுண்ணாம்பு 'கால்க்ஸ்', அதிலிருந்து சிறு கூழாங்கல்லுக்கு 'கால்குலுஸ்'. கூழாங்கல் வைத்துக் கணக்குப் பார்த்ததால் கால்குலேட்டர் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கிலும் கால்குலஸ், சிறுநீரகக் கல்லைக் காட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் கால்குலஸ். 1808-இல் ஹம்ப்ரி டேவி கால்சியத்துக்குப் பெயர் வைத்ததும் இந்த வேரை வைத்துத்தான். அரியலூர்ப் பாறைகளுக்குரிய 'கிரெட்டேசியஸ்' காலத்தின் பெயர் மட்டும் இதில் சேராது. அது சீமைச்சுண்ணாம்பைக் குறிக்கும் 'கிரேட்டா' என்ற வேறு லத்தீன் சொல்லின் வழி.