தூக்குமுன் தரையைக் கேளுங்கள்

மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவனுக்கும் கார் தூக்கும் இயந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்பது நியாயமே. எங்கள் ஊரில் ஆங்கிலத்தில் ஒரு காகிதம் வந்தால், அது பாஸ்போர்ட் அலுவலகத்துக் கடிதமாயினும் மருத்துவமனைச் சீட்டாயினும், "ஹஜ்ரத் பி.ஏ. படித்தவர், அவரிடம் காட்டு" என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள். நான் படித்தது வரலாறு. ஆயினும், நம்பி வந்தவரைத் திருப்பி அனுப்ப மனம் வருவதில்லை.

அவ்வாறே என் மனைவியின் அண்ணனும் ஒரு நாள் அஸருக்குப் பின் வந்தார். பதினெட்டு ஆண்டுகள் வளைகுடா நாடொன்றின் வாகனப் பட்டறையில் உழைத்து, சபுர் போதும் என்று ஊர் திரும்பியவர். ஐந்தாறு விலைப்பட்டியல்களைத் திண்ணையில் பரப்பினார். "அங்கே நின்றுகொண்டே வேலை பார்த்தேன் மச்சான். இங்கே ஜாக்கி வைத்துப் படுத்து எழுந்ததில் ஒரே மாதத்தில் இடுப்பு போய்விட்டது. வீட்டு ஷெட்டில் ஒரு லிஃப்ட் போடப் போகிறேன். எது நல்லது என்று படித்துச் சொல்லுங்கள்" என்றார். அவர் கையில் இருந்தது பணிக்கொடைப் பணம். இலட்சத்தைத் தாண்டும் பொருள். தவறாகத் தேர்ந்தால் போவது பணம் மட்டுமன்று என்பதும் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தெருவில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். மணல் தரையில் செங்கல் ஒன்றை வைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார். செங்கல் பிளந்தது. வண்டி இறங்கியபோது அவர் கை கீழே இருந்தது. மூன்று விரல்கள் போயின. பின்னாளில் பெட்டிக்கடை வைத்திருந்த அவர், எஞ்சிய இரு விரல்களால் மிட்டாயும் சில்லறையும் எடுத்துத் தருவதைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். ஜாக்கி கெட்டுப்போகவில்லை; அதன் கீழே இருந்ததுதான் கெட்டது. விலைப்பட்டியல்களைப் படிக்கப் படிக்க இந்நினைவே எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

இயந்திரத்தின் அடிப்படை எளியது. அடைத்துவைத்த திரவத்தின்மீது ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் பாஸ்கல் எழுதினார். அதைக் கொண்டு 1795இல் ஆங்கிலேயரான ஜோசப் பிராமா நீரழுத்த இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். சிறு குழாயில் மெல்ல அழுத்தினால் பெருங்குழாயில் பெரும்பாரம் எழும். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி என்பவர் 1920களில் இதைக் காருக்குப் பயன்படுத்தினார். நாவிதர் கடையில் உயர்ந்து தாழும் நாற்காலியே அவருக்கு வழிகாட்டியது என்பர். நம்மூர் வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் தரையிலிருந்து ஒற்றைத் தூணாய் எழுந்து காரைத் தூக்குமே, அது அவருடைய லிஃப்டின் பேரப்பிள்ளை.

ஆனால், எண்ணெய் தூக்கும்; காவல் நிற்காது. ஒரு ரப்பர் சீல் தேய்ந்தாலும் ஒரு குழாய் வெடித்தாலும் எண்ணெய் வெளியேறும், பாரம் இறங்கும். ஆகவேதான் நல்ல லிஃப்ட் ஒவ்வொன்றிலும் இரும்புப் பற்களால் ஆன பூட்டு இருக்கிறது. வண்டி ஏறும்போது "டக், டக்" என்று கேட்பது அந்தப் பூட்டு ஒவ்வொரு பல்லாகத் தாண்டும் ஓசை. வேண்டிய உயரம் வந்ததும் சற்றே இறக்கி, பாரத்தைப் பூட்டின்மேல் உட்கார வைத்த பின்னரே மனிதன் கீழே செல்ல வேண்டும். விலைப்பட்டியலில் நீங்கள் முதலில் தேட வேண்டிய வரி இதுதான். இரண்டு தூண்களிலும் பூட்டு உண்டா? ஒரு பக்கம் முந்தாமல் இரு பக்கமும் சமமாக ஏற இணைப்புக் கம்பிவடம் உண்டா? வாகன லிஃப்டுகளுக்கான ஐரோப்பியத் தர விதி இ.என். 1493. அதற்கு ஏற்பச் செய்ததா என்று கேட்டால் நல்ல வியாபாரி சான்றைக் காட்டுவார். கோவையில் எல்ஜி குழுமத்தார் உட்பட நம் நாட்டிலேயே செய்பவர்களும் உள்ளனர். இறக்குமதிதான் வேண்டும் என்பதில்லை.

மச்சானின் மனம் இரட்டைத் தூண் லிஃப்டின்மேல்தான் இருந்தது. பதினெட்டு ஆண்டுப் பழக்கம் அது. நான்கு கைகள் நீண்டு வண்டியின் அடிவிளிம்பைத் தாங்கும், சக்கரங்கள் தொங்கும், அடியில் எல்லாம் திறந்திருக்கும். வேலை செய்பவனுக்கு அதனினும் வசதியானது இல்லை. ஆனால் அளவு நாடாவை எடுத்து ஷெட்டை அளந்தபோது முகம் மாறியது. எங்கள் பக்கத்து வீடுகளில் கார் நிற்கும் முகப்பின் உயரம் பத்தடி. இன்னோவாவின் உயரம் ஏறத்தாழ ஐந்தே முக்கால் அடி. மிச்சம் நாலே கால் அடி. ஆள் நிமிர்ந்து நிற்க வண்டி ஆறடி ஏற வேண்டும். கூரை இடம் தராது. குள்ளமான தூண்களோடு கிடைக்கும் வகைகளும் உண்டு. தூண் குள்ளமானால் கார் குள்ளமாகிவிடுமா?

உயரத்தைவிடப் பெரிய கேள்வி தரை. நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்தால் பெண்கள் தெருக்கோடி வரை நடப்பார்கள். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒரு நிமிடம் தாங்காது. இரட்டைத் தூண் லிஃப்ட் அந்த நீட்டிய கை. 1,700 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி தூணைக் கீழே அழுத்துவதோடு நில்லாது, உள்பக்கமாகச் சாய்க்கவும் பார்க்கும். அந்தச் சாய்வைத் தடுப்பவை தரையில் இறக்கிய போல்ட்டுகள். போல்ட்டுகளைப் பிடித்திருப்பது கான்கிரீட். நாலங்குலத்துக்குக் குறையாத, பலர் ஆறங்குலம் கேட்கும், நன்கு இறுகிய கான்கிரீட் வேண்டும் என்று எல்லாப் பட்டியலிலும் எழுதியிருக்கிறது. எழுத்து மட்டும் மிகச் சிறியது!

நம் வீடுகளில் என்ன இருக்கிறது? மணல் கொட்டி நிரப்பி, அதன்மேல் மெலிந்த கலவை போட்டு, அழகான டைல்ஸ் ஒட்டியிருக்கிறோம். அதில் போல்ட் இறக்குவது ரொட்டியில் ஆணி அடிப்பது போலாகும். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இடம் மிச்சப்படுத்த நாம் செப்டிக் டேங்கையும் தண்ணீர்த் தொட்டியையும் எங்கே வைத்தோம்? பெரும்பாலும் கார் நிற்கும் இடத்துக்கு அடியில்தான். வீடு கட்டிய கொத்தனாரைக் கூப்பிட்டு, எங்கே தொட்டி, எங்கே குழாய் என்று சுண்ணாம்பால் கோடு போடச் சொல்லாமல் ஒரு துளையும் போடாதீர்கள். மச்சான் வீட்டில் கோடு போட்டபோது, இடத்தூண் வர வேண்டிய இடம் சரியாகத் தொட்டியின் மூடிமேல் விழுந்தது. "அங்கே பொத்தானை அழுத்தினோம். தரை யார் போட்டது என்று ஒரு நாளும் கேட்டதில்லை" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார்.

லிஃப்ட் எதற்கு, பழைய பட்டறைகளைப் போல் பள்ளம் தோண்டினால் போதாதா என்பார் சிலர். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அது இரு வகையிலும் துன்பம். நார்த்தாமலை, குடுமியான்மலைப் பக்கம் கடப்பாரை பாறையில் தெறிக்கும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் கரையோரத்திலோ ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் தானே கிணறாகும். தவிரவும், பெட்ரோல் ஆவியும் கேஸும் காற்றைவிடக் கனமானவை. பள்ளத்தில் இறங்கித் தங்கும். ஒரு பொறி போதும்.

நான்கு தூண் லிஃப்ட் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. சக்கரங்களோடு வண்டி பலகைமேல் ஏறி நிற்கும்; உறுதியானது; ஒன்றின்மேல் ஒன்றாக இரு கார்களை நிறுத்தலாம். சக்கரம் கழற்ற வேண்டுமானால் அதன்மேல் இன்னொரு ஜாக்கி வேண்டும். பத்தடிக் கூரைக்கு அதுவும் ஆகாது.

எஞ்சியது கத்தரி லிஃப்ட். தரையோடு மடிந்து கிடந்து, கத்தரிபோல் விரிந்து மூன்று நான்கடி தூக்கும். நீட்டிய கைகள் இல்லாததால் பாரம் நேரே கீழே இறங்குகிறது. தரைமீது பிடுங்கும் இழுவை குறைவு. உட்கார்ந்து வேலை செய்ய உயரம் போதும். குறை என்னவென்றால், அதன் சட்டமே வண்டியின் நடுவயிற்றை மறைத்துவிடும். கியர் பெட்டி இறக்குகிறவருக்குப் பயன்படாது. பிரேக், சஸ்பென்ஷன், டயர், ஆயில் மாற்றுதல் ஆகியவற்றுக்குத் தாராளம்.

இனி மின்சாரம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரை கடந்ததை நம் மாவட்டத்தார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் தென்னைகள் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்களும் உடன் சாய்ந்தன. வாரக்கணக்கில் இருளில் கிடந்த சிற்றூர்கள் பல. அன்று லிஃப்டின்மேல் ஒரு கார் நின்றிருந்தால்? கையால் திறக்கும் வால்வு இருக்கிறது, எண்ணெயைத் திறந்து இறக்கிவிடலாம் என்று விற்பனையாளர் சொல்வார். உண்மைதான். ஆனால் வண்டி பூட்டின்மேல் உட்கார்ந்திருந்தால் முதலில் சற்று மேலே தூக்கினால்தான் பூட்டு விடுபடும். தூக்க மின்சாரம் வேண்டும்! ஆகவே கைப்பம்பு பொருத்த முடியுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். வீட்டு இணைப்பு ஒற்றை ஃபேஸா, மூன்று ஃபேஸா, மோட்டார் அதற்கு ஏற்றதா என்பதை வயர்மேனோடு பாருங்கள். கூலிக்கு வேலை எடுக்கப் போகிறீர்களானால் வீட்டு இணைப்பில் ஓட்டக்கூடாது. வணிக இணைப்பு பெற்றே ஆக வேண்டும். கடலோரத்தார் இன்னும் ஒன்று கவனிக்கவும்: உப்புக்காற்று கம்பிவடத்தின் உள்ளிழையைத் தின்றுவிடும். வெளியே பார்க்கப் பளபளவென்றிருக்கும். குறித்த காலத்தில் மாற்றுவதே வழி.

தூக்கும் திறனைக் கேட்கும்போது, பழைய மாருதி 800 ஏறத்தாழ 650 கிலோ, நம் அம்பாசடர் ஒரு டன்னுக்குச் சற்று மேல் என்ற கணக்கில் இன்றைய வண்டிகளை எண்ணாதீர்கள். உறவினரின் வண்டியும் வந்து நிற்கும். அது பொலிரோவாக இருக்கும். எடை மட்டுமன்று, சமநிலையும் உண்டு. எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்பாகம் கனம். தூக்கிய நிலையில் எஞ்சினைக் கழற்றினால் பாரம் பின்னுக்குப் போகும். சரியாக நின்ற வண்டி பின்னோக்கிச் சரியும். எந்த இடத்தில் தாங்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டிலேயே படத்துடன் இருக்கும்.

நான் மச்சானிடம் பிடிவாதமாகச் சொன்னது ஒன்றுதான். சுவிட்சுக்குச் சாவி வேண்டும். மக்ரிபுக்குப் பின் அந்த முகப்பில்தான் தெருப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். பொத்தான் என்றால் அழுத்திப் பார்க்காத பிள்ளை உண்டா? என் வகுப்பில் இல்லை. அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றுபவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஒரு டிராலி ஜாக்கி, எடைக்கேற்ற இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு வைக்கத் தேக்கோ வேம்போ நாலு கட்டைகள் போதும். தூக்கியதும் ஸ்டாண்டின்மேல் இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி, ஒரு நட்டு எடுக்கக்கூடக் கீழே தலையை நீட்டாதீர்கள். செங்கல் வைக்கவே வைக்காதீர்கள்.

மச்சான் கடைசியில் கத்தரி லிஃப்டுக்கே முன்பணம் கொடுத்தார். அதற்கு இவ்வளவு தரை தேவையில்லை என்று கொத்தனார் சொல்லியும் கேளாமல், டைல்ஸை உடைத்து, தொட்டியிலிருந்து விலகி, கம்பி கட்டி எட்டங்குலம் கான்கிரீட் போடச் செய்தார். முழு வலுவுக்கு இருபத்தெட்டு நாள் வேண்டும். சாக்கு விரித்து, ஃபஜ்ரு முடிந்ததும் அஸருக்குப் பின்னும் அவரே தண்ணீர் ஊற்றுகிறார். நேற்று வியாபாரி தொலைபேசியில், "பொருள் தயார், நாளைக்கே லாரியில் ஏற்றி விடட்டுமா?" என்றாராம். இன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். இன்னும் ஒன்பது நாள் கழித்து அனுப்புங்கள் என்று மச்சான் சொல்லிவிட்டார்.