கேஸ் தீர்ந்துவிடுமா?

கல்வராயன் மலையில் காற்றே குளிர்ச்சி தரும்; கீழே கள்ளக்குறிச்சியில் சித்திரை வெயிலுக்கு ஏ.சி. தேடுகிறோம். பழுது பார்ப்பவர் ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். அடுப்பு எரிவாயுபோல அது செலவாவதில்லை. அழுத்தப்பட்டு, வெளியே வெப்பத்தை விட்டுத் திரவமாகி, உள்ளே ஆவியாகும்போது அறை வெப்பத்தை உறிஞ்சி, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ கசிவு உண்டு. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான்!

பொருத்தும்போது குழாயை வெற்றிடமாக்காவிட்டால், தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரைக் கெடுக்கும். 10 ஆண்டு உத்தரவாதம் பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டுமே. கசியும் குழாய்க்கு அன்று. ஆகவே பொருத்துபவரிடமும் ரசீது கேளுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள சேவைக்கும் இழப்பீடு கோரலாம். 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிட வேண்டும்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை.