பரண் மேல் கிடக்கும் கேசட்டை போகியில் போட்டுடாதீங்க! உள்ளே தாத்தா குரல் இருக்கலாம்

போகி வந்துவிட்டால் போதும். பரண் மேல் கிடக்கும் பழைய பாய், கிழிந்த தலையணை, ஓடாத மின்விசிறி எல்லாம் தெருவுக்கு வந்துவிடும். அந்தக் குவியலில் ஒரு பழைய அட்டைப்பெட்டியும் இருக்கும். உள்ளே 20, 30 ஆடியோ கேசட்டுகள்.

"இதை போட்டு கேக்க டேப்ரிக்கார்டரே இல்ல, எதுக்கு வச்சிருக்கணும்?" என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

சினிமா பாட்டு கேசட் போனால் பெரிய நஷ்டம் இல்லை. அந்தப் பாட்டு இன்று செல்போனில் கிடைக்கிறது. ஆனால் அதே பெட்டியில் துபாயில் இருந்து அப்பா பேசி அனுப்பிய கேசட் இருக்கலாம். பாட்டி பாடிய தாலாட்டு இருக்கலாம். அது போனால் போனதுதான். உலகத்தில் வேறு எங்கும் அதற்கு இன்னொரு காப்பி கிடையாது.

அந்தக் கேசட்டுக்குள் குரல் எப்படி உட்கார்ந்திருக்கிறது? அது எதனால் அழிகிறது? இன்றைக்கும் அதை காப்பாற்ற வழி இருக்கிறதா? பார்ப்போம்.

தட்டில் இருந்து பெட்டிக்கு

இந்தியாவில் இசைத்தட்டுக்காக பாட்டு பதிவு ஆரம்பித்தது 1902-ம் ஆண்டு. அப்போது கொல்கத்தாவில் பாடியவர்களில் ஒருவர் கவுஹர் ஜான் என்ற பாடகி. அது இசைத்தட்டு காலம். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம்தான் பாட்டு இருக்கும். 1948-ல் எல்.பி. தட்டு வந்த பிறகு ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் கேட்க முடிந்தது.

ஆனால் இசைத்தட்டு வாங்குவது ஏழை வீட்டுக்கு கட்டுப்படி ஆகவில்லை. தட்டு, ரிக்கார்டு பிளேயர் எல்லாம் வசதியானவர்கள் வீட்டிலும், மைக் செட்காரரிடமும்தான் இருக்கும். மற்றவர்களுக்கு இலங்கை வானொலியும், விவித பாரதியும்தான் துணை. அவர்கள் போடும் பாட்டைத்தான் கேட்க முடியும்.

இதை மாற்றியது கேசட். 1963-ம் ஆண்டு பிலிப்ஸ் கம்பெனி இதை அறிமுகம் செய்தது. இதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுக்காரர். கோட் பாக்கெட்டில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, "பொருள் இந்த அளவுக்குள் இருக்க வேண்டும்" என்று வேலையை ஆரம்பித்தவர். 2021-ம் ஆண்டு மார்ச் மாதம் 94 வயதில் இறந்தார்.

1979-ல் சோனி கம்பெனி வாக்மேனை கொண்டு வந்தது. நடந்துகொண்டே பாட்டு கேட்கும் பழக்கம் அதில் இருந்துதான் பரவியது.

டீக்கடையும் டவுன் பஸ்சும்

தமிழ்நாட்டில் கேசட் கொடிகட்டிப் பறந்தது 80, 90-களில். 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜாவின் பாட்டை பட்டிதொட்டி எங்கும் கொண்டு சேர்த்ததில் டீக்கடை டேப்ரிக்கார்டருக்கும், டவுன் பஸ் டிரைவருக்கும் பெரிய பங்கு உண்டு. "நல்ல பாட்டு போடுற பஸ்" என்று காத்திருந்து ஏறிய கூட்டம் உண்டு. 1992-ல் 'ரோஜா' வந்தபோதும் கேசட்தான் ராஜா.

சினிமா மட்டும் இல்லை. ஆடி மாதம் வந்தால் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, கார்த்திகையில் வீரமணியின் அய்யப்பன் பாட்டு, விடிந்தால் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், ரம்ஜானுக்கு நாகூர் ஹனிபா. கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கரை கட்டினால் 'திருவிளையாடல்' கதை வசனம் ஓடும். படத்தை பார்க்காத பொடிசுகள் கூட தருமி வசனத்தை மனப்பாடமாக சொன்னதற்கு இதுதான் காரணம்.

நாட்டுப்புறப் பாட்டு, வில்லுப்பாட்டு, கட்சித் தலைவர்களின் பேச்சு, வாரியாரின் சொற்பொழிவு எல்லாம் கேசட்டாக வந்தது. இசைத்தட்டு போட பெரிய கம்பெனி தேவைப்பட்டது. கேசட் போட சின்ன முதல் இருந்தால் போதும். அதனால்தான் ரேடியோவில் இடம் கிடைக்காத கிராமத்து கலைஞர்களின் குரலும் வெளியே வந்தது.

ரிக்கார்டிங் சென்டர் அண்ணாச்சி

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மியூசிக்கல்ஸ், ரிக்கார்டிங் சென்டர் என்று கடைகள் இருக்கும். வெற்று கேசட் ஒன்று வாங்கி, பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 6 அல்லது 7 பாட்டு. 90 என்றால் 9, 10 பாட்டு.

இதில் ஒரு தொழில் நுணுக்கமும் உண்டு. பக்கம் முடியும்போது பாட்டு பாதியில் அறுந்துபோகக் கூடாது. எந்த பாட்டு எத்தனை நிமிடம் என்று கணக்கு போட்டு அடுக்குவார் கடைக்காரர். "அண்ணே, கடைசில ஒரு சின்ன பாட்டு போட்டு நெரப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வருவார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கேசட் கைக்கு வரும். அட்டையில் பாட்டுப் பெயர்களை முத்து முத்தாக எழுதிக் கொடுப்பார்கள்.

சட்டப்படி பார்த்தால் இது தப்பு. அனுமதி இல்லாமல் பாட்டை காப்பி எடுத்து விற்பது காப்புரிமை சட்டப்படி குற்றம். 1984-ல் சட்டத்தை திருத்தி தண்டனையையும் கடுமையாக்கினார்கள். ஆனாலும் பெரும்பாலானவர்கள் பாட்டை சொந்தமாக வைத்துக்கொண்டது இப்படித்தான்.

குரல் கடிதம்

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் வீட்டில் கேசட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அன்று வெளிநாட்டுக்கு போன் பேசுவது என்றால் கொள்ளை காசு. கடிதம் எழுத எல்லோருக்கும் கை வராது. அதனால் டேப்ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி, கேசட்டை ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்து அனுப்புவார்கள்.

"அம்மா, நல்லா இருக்கியா? தங்கச்சி கல்யாணத்துக்கு பணம் அனுப்புறேன்" என்று மகன் பேசியது வீட்டில் ஓடும். அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு கேசட்டின் மறுபக்கத்தில் வீட்டார் பேசி அனுப்புவார்கள். பேசிய பலர் இன்று உயிரோடு இல்லை. குரல் மட்டும் அந்த பழுப்பு நாடாவில் இருக்கிறது.

துருவில் தங்கிய குரல்

கேசட் நாடா என்பது மெல்லிய பாலியஸ்டர் பட்டை. அகலம் 4 மில்லி மீட்டருக்கும் குறைவு. அதன் மேல் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு மாதிரியான ஒரு பொடியை பசை சேர்த்து பூசி இருப்பார்கள். பழுப்பு நிறம் அதனால்தான்.

மைக்கில் பேசினால் குரல் மின்சாரமாக மாறும். அந்த மின்சாரம் 'ஹெட்' எனப்படும் குட்டி காந்தத்துக்கு போகும். குரல் ஏறி இறங்குவதற்கு ஏற்ப காந்தமும் கூடிக் குறையும். ஹெட்டை உரசிக்கொண்டு ஓடும் நாடாவில் உள்ள துருத்துகள்கள் அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். திரும்ப ஓடவிட்டால் அதே காந்தம் மின்சாரமாகி, ஸ்பீக்கரில் குரலாக வரும்.

நாடா ஓடும் வேகம் வினாடிக்கு 4.76 சென்டி மீட்டர். 60 நிமிட கேசட்டில் சுமார் 90 மீட்டர் நாடா இருக்கும். நாடாவின் மேல் பாதியில் ஒரு பக்கமும், கீழ் பாதியில் மறு பக்கமும் பதிவாகும். நாடா முறுக்கிக்கொண்டால் மறுபக்கத்து பாட்டு தலைகீழாக, பேய் குரலில் கேட்டதற்கும் இதுதான் காரணம்.

90 நிமிட கேசட் அடிக்கடி சிக்கியது ஏன்? பெட்டி அளவு மாறாமல் நீளமான நாடாவை அடைக்க வேண்டும் என்பதால் அதன் நாடா மெலிசாக இருக்கும். ரப்பர் உருளையில் அழுக்கு சேர்ந்து பிசுபிசுத்தால் நாடா அதில் சுற்றிக்கொள்ளும். பிறகு பென்சிலை பல் சக்கரத்தில் விட்டு சுற்றும் வேலைதான்!

எதனால் அழிகிறது?

கேசட்டுக்கு முதல் எதிரி ஈரப்பதம். மழைக்காலத்தில் நாடாவில் வெள்ளையாக பூஞ்சை படியும். பொடியை பிடித்திருக்கும் பசை நாளாக ஆக இளகி, பொடி உதிர ஆரம்பிக்கும். ஓட்டுக்கு கீழே உள்ள பரணில் கோடை வெயில் இறங்கினால் பிளாஸ்டிக் பெட்டியே வளைந்துபோகும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் அதன் காந்தம் பதிவை கெடுக்கும்.

எல்லாவற்றையும் விட பெரிய ஆபத்து, போட்டுக் கேட்க கருவி இல்லாமல் போவது. ஜப்பானில் சோனி 2010-ம் ஆண்டே கேசட் வாக்மேனை நிறுத்திவிட்டது. பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

காப்பாற்றுவது எப்படி?

முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிட வேண்டும். அதன் பிறகு தெரியாமல் ரிக்கார்டு பட்டனை அழுத்தினாலும் குரல் அழியாது. பாட்டி குரல் மேல் சினிமா பாட்டு பதிவாகி அழுத குடும்பங்கள் ஏராளம்.

ஜன்னல் வழியாக நாடாவை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் போட்டுக் கேட்கவே கூடாது. அது ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதை விவரம் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

டேப்ரிக்கார்டர் கிடைத்தால், முக்கியமான கேசட்டை எடுத்தவுடன் போடக் கூடாது. ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பஞ்சால் துடைத்துவிட்டு, போனாலும் பரவாயில்லை என்கிற பாட்டு கேசட் ஒன்றை ஓடவிட்டு பார்க்க வேண்டும். அது சிக்காமல் ஓடினால், குரல் கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்ப சுற்றிவிட்டு கேட்கலாம். இறுகிப்போன நாடா தளரும்.

பெட்டி உடைந்திருந்தால் கவலை வேண்டாம். திருகாணி போட்ட வேறு ஒரு கேசட்டை கழற்றி, அதற்குள் இந்த நாடாவை மாற்றலாம்.

கம்ப்யூட்டருக்கு மாற்றுவதும் எளிது. டேப்ரிக்கார்டரின் ஹெட்போன் துளையில் இருந்து ஒரு ஒயரை கம்ப்யூட்டரின் ஆடியோ உள்ளீட்டு துளையில் சொருகி, 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். குறுக்கு வழி கிடையாது. 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும். வெளியே கொடுத்து செய்வதானால் பாட்டு கேசட்டை விட்டுவிட்டு குரல் கேசட்டை மட்டும் கொடுத்தால் செலவு மிச்சம். மாற்றிய பதிவை செல்போனில் மட்டும் வைக்காமல், பென் டிரைவிலும் ஒன்று, சொந்தக்காரர் வீட்டில் ஒன்று என்று வைப்பது பாதுகாப்பு.

திரும்பி வருமா?

கேசட்டுக்குப் பிறகு சி.டி. வந்தது. ஒரே எம்பி-3 சி.டி.யில் 100 பாட்டுக்கு மேல் அடங்கியது. அப்புறம் செல்போன் கடைகளில் "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்ற போர்டு தொங்கியது. பல ரிக்கார்டிங் சென்டர்கள் அப்படித்தான் மாறின. 2016-ல் ஜியோ வந்து இன்டர்நெட் மலிவான பிறகு அந்தப் பிழைப்பும் படுத்துவிட்டது.

இருந்தாலும் பழசின் மேல் ஆசை போகவில்லை. 2017-ல் சரிகம நிறுவனம் பழைய ரேடியோ போன்ற தோற்றத்தில் 5 ஆயிரம் பாட்டுகளோடு 'கார்வான்' பெட்டியை கொண்டு வந்தது. அமெரிக்காவில் 2020-ம் ஆண்டு சி.டி. விற்பனைத் தொகையை இசைத்தட்டு முந்தியது.

ஆக, பாட்டு எப்படியாவது திரும்ப வந்துவிடும். வீட்டு ஆட்களின் குரல் அப்படி வராது. அடுத்த போகிக்கு முன்னால் பரண் மேல் உள்ள அந்தப் பெட்டியை இறக்கி, எந்த கேசட்டின் மேல் சினிமா பெயர் இல்லாமல் ஆள் பெயர் எழுதி இருக்கிறது என்று பார்த்து தனியாக எடுத்து வைப்பது நல்லது.