சர்வர் போனாலும் நிரல் போகாது

மாணவர்களே, நண்பர்களோடு சேர்ந்து எழுதும் நிரலைத் தொலைவிலுள்ள ஒரு சர்வரில் வைத்திருக்கிறீர்கள். அந்தச் சர்வர் ஒருநாள் பழுதானால் என்ன செய்வீர்கள்?

இதற்கு வழி சொல்கிறது ‘கிட்’ மென்பொருள். லினுக்ஸ் நிரலைப் பராமரிப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை உருவாக்கினார். ‘கிட் குளோன்’ என்ற கட்டளையோடு நிரல் களஞ்சியத்தின் முகவரியைத் தட்டுங்கள். இன்றைய கோப்புகளோடு, யார், எப்போது, எதை மாற்றினார் என்ற முழு வரலாறும் உங்கள் கணினிக்கு வந்துவிடும்.

பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. கோப்புகளின் உள்ளடக்கத்தையும் முந்தைய மாற்றத்தின் அடையாளத்தையும் சேர்த்து அது கணக்கிடப்படுகிறது. பழைய கோப்பில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும், அதன்பின் வரும் அடையாளங்கள் அனைத்தும் மாறிவிடும்.

2011 ஆகஸ்டில், லினுக்ஸ் நிரலை வைத்திருந்த ‘கெர்னல் டாட் ஆர்க்’ சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்தது தெரியவந்தது. ஆனால், முழு வரலாறும் அடங்கிய நகல்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிரலாளர்களிடம் இருந்தன. பழைய நிரலில் யாரேனும் கைவைத்திருந்தால், அடையாளங்கள் பொருந்தாமல் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஒன்றை மறவாதீர்கள்: குளோன் செய்தபின் சர்வரில் சேரும் மாற்றங்கள் தாமாக வந்து சேரா. ‘கிட் புல்’ கட்டளையால் அவ்வப்போது நீங்கள்தான் பெற வேண்டும்.