காற்று செதுக்கிய கார்

ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நடத்துநரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். உள்ளங்கையை விரித்தால் காற்று பின்னுக்குத் தள்ளும். தரையைப் பார்க்கத் திருப்பினால் கை வழுக்கிக்கொண்டு போகும். காருக்கும் இதே விதிதான். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதைச் சமாளிக்க எஞ்சின் தரவேண்டிய திறனோ எட்டு மடங்கு! 50 கி.மீ. வேகத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத காற்று, 100 கி.மீ. வேகத்தில் பெட்ரோலைக் குடித்துவிடும்.

காற்றை ஒரு வடிவம் எவ்வளவு சுலபமாக விலக்குகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு 'இழுவைக் கெழு' என்று பெயர். குறைந்தால் நல்லது. 1980-களின் தொடக்கத்தில் பெரும் நட்டத்தில் தவித்த அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் பிழைப்புக்கு நம்பியது இந்த எண்ணைத்தான். 1985 டிசம்பரில் விற்பனைக்கு வந்த 'டாரஸ்' குடும்பக் காரின் இழுவைக் கெழு சுமார் 0.33. பெட்டி வடிவக் கார்களுக்குப் பழகிய கண்களுக்கு அது வேற்றுக்கிரக வண்டி. எதிர்கால டெட்ராய்ட் நகரைக் காட்டிய 'ரோபோகாப்' படத்தில் போலீஸ் கார்களாக ஓடியவை கறுப்படித்த டாரஸ்களே!

அதன் முகத்தில் வழக்கமான கிரில் இல்லை. ஒரு மெல்லிய பிளவு, நடுவே நீள்வட்டச் சின்னம், அவ்வளவுதான். முகப்பு விளக்கின் கண்ணாடி, உடலின் வளைவோடு வளைந்தது. இதற்குச் சட்டமே மாறவேண்டியிருந்தது. குறிப்பிட்ட அளவுகளில் வரும் சீலிட்ட விளக்குகளைத்தான் பொருத்தலாம் என்று 1940 முதல் அமெரிக்காவில் விதி. ஃபோர்டு மனுப்போட்டு 1983-இல் அதைத் தளர்த்த வைத்தது. நுணுக்கம் பானட்டுக்குள்ளும் தொடர்ந்தது: உரிமையாளரே ஆயில் அளவைப் பார்க்கட்டும் என்று, தொடவேண்டிய இடங்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருந்தார்கள்.

1992 முதல் 1996 வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் இதுதான்.

வளைவு வென்றதால் வளைவையே மேலும் கூட்டினார்கள். 1996 மாடலில் பின் கண்ணாடி நீள்வட்டம், ரேடியோ பொத்தான்கள் பதித்த பலகையும் நீள்வட்டம். வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1997-இல் டொயோட்டா கேம்ரி முந்தியது. முதல் டாரஸில் ஒவ்வொரு வளைவுக்கும் காற்று காரணம் சொன்னது. ரேடியோ பொத்தானில் என்ன காற்று அடிக்கிறது?

2006-இல் தயாரிப்பு நின்றது. அடுத்த ஆண்டே வேறொரு மாடலுக்கு அந்தப் பெயரைச் சூட்டி உயிர்கொடுத்தார்கள். 2019 மார்ச்சில் அதுவும் முடிந்தது. வாடிக்கையாளர்கள் எஸ்யூவிகளுக்குப் போய்விட்டார்கள். உயரமும் அகலமுமாக, காற்றுக்கு அதிக முகம் காட்டும் வண்டிகள் அவை.