கருப்பை வாய்ப் புற்றும் காலத்தே கண்டறிதலும்

34 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பழகியவன் நான், மருத்துவன் அல்லன். ஆயினும் புற்றுநோயைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. 1991 ஆம் ஆண்டில் என் தமக்கையார் இந்நோயால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 41. ஓராண்டுக்கு மேலாகக் காலமல்லாக் காலத்தில் உதிரப்போக்கும் இடுப்பு வலியும் அவரை வாட்டியிருக்கின்றன. அவற்றை அவர் தம் கணவரிடமே சொல்லவில்லை. தம்பியாகிய என்னிடம் எங்ஙனம் சொல்வார்? எங்களுக்குத் தெரிந்தபோது நோய் கருப்பையைக் கடந்து பரவிவிட்டது.

புற்றுநோய் என்ற ஒரே பெயரால் நாம் குறிப்பவை உண்மையில் பல நோய்கள். அவை அனைத்தையும் பற்றி இச்சிறு பொழுதில் பேசப் புகுவது, யானையைத் தடவிப் பார்த்தவர் கதையாகவே முடியும். ஆதலின் என் தமக்கையைக் கொண்டுபோன கருப்பை வாய்ப் புற்றினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்நோய்க்கு ஒரு தனி இயல்பு உண்டு. இது ஒரே நாளில் முளைப்பதன்று. கருப்பை வாயின் மேற்பரப்பிலுள்ள உயிரணுக்கள் முதலில் சிறிதளவு உருமாறுகின்றன. அம்மாற்றம் முற்றிப் புற்றாவதற்குப் பெரும்பாலும் 10 முதல் 20 ஆண்டுகள் செல்லும். அவ்வளவு காலம் வாசலில் நின்று கதவைத் தட்டும் பகைவனை நாம் அறியாதிருக்கிறோம் என்பதே வருத்தத்திற்குரியது.

கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த பாப்பனிக்கொலாவ் என்னும் அறிஞர், அவ்விடத்து உயிரணுக்களைத் தடவியெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தால் இம்மாற்றத்தை முன்கூட்டியே காணலாம் என்று 1928 இல் அறிவித்தார். அன்று எவரும் செவி சாய்க்கவில்லை. 1943 இல் அவர் டிராவுட் என்பாருடன் நூல் வெளியிட்ட பின்னரே உலகம் விழித்தது. இச்சோதனையை முறையாக நடத்திய நாடுகளில் இந்நோய் பெரிதும் குறைந்தது. ஆனால் இதற்குத் தேர்ந்த ஆய்வாளர் வேண்டும். முடிவு வரும்வரை காத்திருந்து பெண்கள் மீண்டும் வரவேண்டும். அரை நாள் கூலியை இழந்து ஒருமுறை வருவதே அரிதாயிருக்கும் நம் சிற்றூர்ப் பெண்ணை இருமுறை வரச்சொல்வது எளிதா?

இங்கேதான் நம் திண்டுக்கல் மாவட்டம் வருகிறது. பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அம்பிளிக்கையிலுள்ள மருத்துவ மையத்தாரும் பிறரும் சேர்ந்து 2000 ஆம் ஆண்டில் அங்கே ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கினர். கருவி என்ன தெரியுமா? ஊறுகாயில் சேர்க்கிறோமே, அந்த வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலமே! அதன் நீர்த்த கரைசலைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்து வெறுங்கண்ணால் நோக்கினால், மாற்றமுற்ற இடம் மட்டும் வெளுத்துத் தோன்றும். அவ்விடத்து உயிரணுக்களில் புரதம் மிகுதியாகச் செறிந்திருத்தலே காரணம். பார்ப்பவர் பயிற்சி பெற்ற செவிலியர். உறைய வைக்கும் குளிரால் அவ்விடத்தை அழிக்கும் சிகிச்சையையும், தக்கவர்க்கு அவர்களே அன்றே செய்தனர்.

30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 31,343 பேர் சோதனைக்கு முன்வந்தனர். முடிவு 2007 இல் வெளியாயிற்று. சோதனை நடந்த ஊர்களில், நடவாத ஊர்களைவிடப் புற்று ஏற்படுவது 25 விழுக்காடும், அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒரே ஒரு முறை செய்த சோதனையின் பயன் இது. அவ்வாய்வு என் தமக்கையார் காலத்தில் நடந்திருக்கலாகாதா என்று அந்த எண்களைப் படித்தபோது நினைத்தேன்.

இதிலும் குறை உண்டு. மகாராஷ்டிரத்து உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த மற்றோர் ஆய்வில், இவ்வமிலச் சோதனை தெளிவான பயன் தரவில்லை. பார்க்கும் கண்ணின் தேர்ச்சியைப் பொறுத்தது அது என்பது என் எண்ணம். அதே ஆய்வில், நோய்க்கு வித்தாகும் வைரஸைத் தேடும் சோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கிற்று. இது 2009 இல் வெளிவந்த செய்தி.

அந்த வைரஸின் வரலாறும் சுவையானது. முன்னர் ஹெர்பீஸ் என்னும் வேறொரு வைரஸின் மீதே அறிஞர் பலரும் பழி சுமத்தி வந்தனர். ஜெர்மானியரான ஹரால்ட் சூர் ஹவுசன் அதை மறுத்து, மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் குடும்பத்தையே சுட்டினார். 1983 இலும் 1984 இலும் அவர் குழுவினர் 16, 18 என எண்ணிட்ட இரு வகைகளைப் புற்றுத் திசுவிலேயே கண்டுபிடித்தனர். 2008 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வைரஸ் மிகப் பரவலானது. தொற்றியவருள் பெரும்பாலோர்க்கு ஓரிரு ஆண்டுகளில் தானே அகன்றுவிடும். ஆகவே தொற்று கண்டவரின் ஒழுக்கத்தை ஐயுறுவது அறியாமை. இந்த ஒன்றை மட்டும் நேயர்கள் இல்லந்தோறும் சொல்லவேண்டுகிறேன். நாணத்தினால் மறைப்போர் இன்னும் பலர்.

பகைவன் யார் எனத் தெரிந்தபின் தடுப்பூசி வந்தது. 2006 முதல் அது பயன்பாட்டில் உள்ளது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் அதனைப் பெற்ற பெண்களிடையே இந்நோய் 87 விழுக்காடு குறைந்ததாக 2021 இல் கணக்கிட்டனர். புனே நகரத்துச் சீரம் நிறுவனம் தயாரித்த இந்தியத் தடுப்பூசிக்கு 2022 இல் ஒப்புதல் கிடைத்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் 30 வயதுக்குமேல் சோதனை செய்துகொள்ளவேண்டும். எல்லா வகை வைரஸையும் அது தடுப்பதில்லை.

என் தமக்கைக்கு ஒரு மகள். 2019 இல், தன் 45 ஆம் வயதில், ஊருக்கு வந்த முகாமில் அவள் சோதனைக்குச் சென்றாள். செல்லுமுன் என்னிடம் வந்து, "மாமா, அம்மாவுக்கு வந்ததுதானே? நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்" என்று தலைகுனியாமல் சொன்னாள். ஓரிடம் வெளுத்துத் தெரிந்தது. தசைத் துணுக்கை எடுத்து ஆராய்ந்ததில் புற்றன்று, அதற்கு முந்திய மாற்றமே என்றனர். சிகிச்சைக்குச் சில நிமிடங்களே ஆயின. மாலையில் பேருந்தில் வீடு திரும்பியவள், அன்றிரவு எனக்கும் சேர்த்துத் தோசை வார்த்தாள்.