மூளையின் குருதியோட்டமும் தொலைநிலைப் பழக்கமும்

அனலைதீவில் ஒருவருக்குப் பாரிசவாதம் கண்டால், அவர் படகேறி ஊர்காவற்றுறையை அடைந்து, அங்கிருந்து தரைவழியே யாழ்ப்பாணம் சேர்தல் வேண்டும். கடலிடைக் கழியும் அந்நேரத்தில் மூளையைக் காக்கும் எளிய உபாயம் உண்டோ? சிகிச்சை பெற்றுத் தீவுக்கு மீண்டவர் எதனைப் பேணல் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடைகாண மூளையின் குருதியோட்டத்தை முதலில் அறிதல் தகும்.

உடல் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கேயாகிய மூளை, உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்திலொன்றைக் கொள்கின்றது. அதற்குச் செல்லும் குருதி குன்றினும் கேடு. அளவிறந்து பெருகினும் கேடே. குருதியமுக்கம் ஓர் எல்லைக்குள் ஏறியிறங்கினும் மூளையின் குருதியோட்டம் பெரிதும் மாறாதென்பதை டென்மார்க்கு அறிஞர் லாசென் 1959இல் விளக்கினார். அமுக்கம் கூடுங்கால் நுண்ணாடிகள் சுருங்குகின்றன, குறையுங்கால் விரிகின்றன.

கழுத்து நாடியிற் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், மூளையின் நுண்ணாடிகள் நெடுநாள் விரிந்தே இருந்து, சுருங்குந் திறனை இழத்தல் கூடும். மருத்துவர் ‘ஸ்ரென்ற்’ என்னும் வலைக்குழாயை வைத்து அவ்வழியை விரித்ததும் குருதி விரைந்து பாய்கின்றது. நெடுநாள் அடைபட்ட வாய்க்காலை ஒருங்கே திறந்தால் பாத்தியின் வரம்பு உடைவதில்லையா? அதுபோலச் சிலருக்குக் கடுந்தலையிடியும் வலிப்பும், அரிதாக மூளையிற் குருதிக்கசிவும் நேர்கின்றன. ஆகவே அடைப்பு நீங்குவது பாதிவெற்றியே. ஓட்டத்தை ஆளுந் திறன் மீள்வதே முழுவெற்றி.

இத்திறனுக்குத் துணையாகுமோ என இன்று ஆராயப்படுவது தொலைநிலைப் பழக்கம். குருதியமுக்கம் அளக்கும் பட்டி போன்றதொன்றைக் கையிற் கட்டி, 5 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் தளர்த்திப் பலமுறை செய்வர். 1986இல் அமெரிக்க ஆய்வாளர் மறி, ஜெனிங்ஸ், றெயிமர் ஆகியோர், சிறு தடைகளுக்குப் பழகிய நாயின் இதயத்தசை பின்வந்த நெடுந்தடையைத் தாங்கியதைக் கண்டனர். ஓருறுப்பின் பழக்கம் நரம்புவழியும் குருதிவழியும் பிறவுறுப்பைக் காக்கலாமென்பது பின்னர் எழுந்த கருத்து.

2017இல் வெளியான பெய்ஜிங் ஆய்வில் 189 பேர் பங்குகொண்டனர். வலைக்குழாய் வைக்குமுன் இரு வாரம் இப்பழக்கம் பெற்றோரிடம் மூளையிற் புதிய சிறு சிதைவுகள் குறைந்தே காணப்பட்டன. 2022இல் வெளியான மற்றொரு சீன ஆய்வில், பாரிசவாதத்தின்பின் நன்னிலை எய்தியோர் நூற்றுக்கு 67.4; பழக்கம் பெறாதோரில் 62.0. ஆயின் டென்மார்க்கில் நோயாளர் வண்டியிலேயே தொடங்கிய பழக்கம் பயன் தரவில்லையென 2023இல் அறிவிக்கப்பட்டது. எனவே படகிலே பட்டியிறுக்கிப் பயன் பெறலாமென்ற நம்பிக்கைக்கு இன்று ஆதாரம் போதாது. மருத்துவர் மேற்பார்வையின்றி அதனைச் செய்தலும் தகாது.

ஐயமின்றித் தெளிந்தவை இரண்டு. முகங்கோணல், கைசோர்வு, பேச்சுக்குழறல் கண்டவுடன் விடியலை எதிர்பாராது புறப்படுதல் ஒன்று. வலைக்குழாய் பெற்று மீண்டவர் மருந்தை நிறுத்தாது, குருதியமுக்கத்தை ஒழுங்காக அளப்பித்து, கடுந்தலையிடி வரின் உடனே மருத்துவமனையை நாடுதல் மற்றொன்று. கடலைச் சுருக்க இயலாது. தாமதத்தைச் சுருக்குதல் நம் கையிலுள்ளது.